பிரித்த நூல்

ஜனவரி 6

அன்புள்ள சிட்டு,

கடவுள் கிருபையில் நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி வழக்கம்போல. மாடிப்படி ஏறும்போது முனகுகிறார், சாப்பாட்டுக்கு இறங்கும்போது மறந்துவிடுகிறார். நீயும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

போனில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் காதுதான் காரணம். போனில் பாதி கேட்கிறது, மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்கிறேன். தவிர, பார்சலோடு எப்படியும் ஒரு தாள் வைக்கத்தானே வேண்டும்.

பார்சலில் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. உன் மகளின் புது வீடு வருஷக் கடைசியில் தயாராகிவிடும் என்றாய் அல்லவா? அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு விரிப்பு, நம் இரண்டு பேர் கையாலும். ஒன்பது கட்டம் பென்சிலால் போட்டிருக்கிறேன். ஒரு கட்டம் நான், அடுத்தது நீ, இப்படித் துணி தபாலில் போய்ப் போய் வரட்டும். ஒரே ஒரு விதி: அவரவர் தொட்டியில் அந்தச் சமயம் என்ன இருக்கிறதோ அதைத்தான் தைக்க வேண்டும். முதல் கட்டத்தில் என் தக்காளி. திருப்பிப் பார், பின்பக்கத்தில் ஒரு முடிச்சுகூட இருக்காது. பழைய பத்திரிகைப் படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவள் தைத்தது என்று யாராவது சொல்வார்களா?

தொட்டி இல்லையே என்று தப்பிக்காதே. கீரை விதையும் தக்காளி விதையும் வைத்திருக்கிறேன். நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே டீயும் ரொட்டியும் விழுங்கிவிட்டு ஓடுகிறாய் என்று பாப்பா சொன்னாள். அப்படி இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? நான் ஒரு நாளை மூன்றாக வைத்திருக்கிறேன். காலை செடிக்கு, முற்பகல் அடுப்புக்கு, மத்தியானம் ஊசிக்கு. ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் கெட்டுப்போகிறது. ராத்திரிக்குக் காய்கறி சூப் வைத்துக் குடி. கண்டதைத் தின்னாதே.

உன் கைவேலை நன்றாக அமைய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அக்கா,

நலம்தான். பாப்பாவும் நலம். அத்தானிடம், படியில் ஏறும்போது முனகுவதற்கு நான் அனுதாபம் தெரிவித்ததாகச் சொல்.

உன் தக்காளியைப் பார்த்துவிட்டுப் பாப்பா, "பெரியம்மா தைச்சதா, அச்சடிச்சதா?" என்று கேட்டாள். நான் திருப்பிக் காட்டினேன். "இந்தப் பக்கமும் தக்காளிதான் இருக்கு" என்றாள். உன்னோடு ஒரே துணியில் தைக்கச் சொன்னால் எனக்குப் பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கிறது, கணக்கு டீச்சர்.

தொட்டி வாங்கிவிட்டேன். பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே வைத்திருக்கிறேன். மண்ணும் போட்டாயிற்று. விதை இன்னும் போடவில்லை. நீதான் தொட்டியில் என்ன இருக்கிறதோ அதைத் தைக்கச் சொன்னாய். அதனால் வெறும் தொட்டியைத் தைத்திருக்கிறேன். விதியை மீறவில்லை பார்.

கடையில் வேலை அதிகம். ஒரு மூக்குக் கண்ணாடியின் காலை மாட்ட ஒரு ஸ்க்ரூ, கடுகைவிடச் சின்னது. இந்த வாரம் கீழே போட்டுப் போட்டுத் தேடினேன். தரையைப் பெருக்கினால் என் சம்பளத்துக்கு மேல் ஸ்க்ரூ கிடைக்கும் என்கிறார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். சூப்பும்தான். பின்பக்கத்தை மட்டும் திருப்பாதே.

சிட்டு


பிப்ரவரி 19

அன்புள்ள சிட்டு,

இறைவன் அருளால் இங்கே குறை ஒன்றும் இல்லை. உங்கள் இருவரின் நலமும் அறிந்து சந்தோஷம்.

வெறும் தொட்டியைப் பார்த்து நானும் அத்தானும் சிரித்தோம். "உன் தங்கச்சி சோம்பேறித்தனத்தைக்கூட அழகா தைச்சு அனுப்புறா பாரு" என்றார். யோசனை உனக்கு எப்போதும் நன்றாகத்தான் வரும். சின்ன வயதில் கோலம் போடச் சொன்னால் கோட்டை விட்டுவிட்டு அணில் வரைகிறவள் நீ.

திருப்பாதே என்றாய், திருப்பாமல் இருக்க முடியவில்லை. முடிச்சுமேல் முடிச்சாக இருந்தது. முன்பக்கத்திலும் தொட்டியின் விளிம்பு ஆடியிருந்தது, ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து தைத்த மாதிரி. அதனால் அதைப் பிரித்து, அதே இடத்தில் நேராகப் போட்டுவிட்டேன். உன் யோசனை அப்படியே இருக்கிறது, கோடு மட்டும்தான் என்னுடையது. பாப்பா வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள் இல்லையா? நீ ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

பிரித்த நூலை வீணாக்கவில்லை. என் மொட்டைமாடித் தொட்டியில் பீன்ஸ் கொடி குச்சியில் ஏறாமல் அலைந்துகொண்டிருந்தது. உன் பழுப்பு நூலால்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது கட்டத்தில் மிளகாய் தைத்திருக்கிறேன். துணி உன்னிடம் வருகிறது. விதையை இனியாவது போடு. ஒவ்வொன்றாக, விரற்கடை தள்ளித் தள்ளி.

உன் தையல் திருந்த வேண்டும் என்று பிரார்த்தனையில் உன் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

எல்லாரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது.

தொட்டியை நேராக்கியதற்கு நன்றி. இப்போது கடையில் வாங்கின தொட்டி மாதிரி இருக்கிறது.

கீரை விதையை ஒவ்வொன்றாகப் போட வரவில்லை. விரலில் எடுத்தால் பத்து விதை சேர்ந்து விழுகிறது. அதனால் கொத்தாக முளைத்திருக்கிறது, பஸ்ஸில் ஏறக் கூட்டம் முண்டுகிற மாதிரி. பிடுங்கிக் கலைக்க மனசு வரவில்லை. அந்தக் கூட்டத்தைத்தான் தைத்திருக்கிறேன். அடுத்த தடவை பெரிய விதையாக அனுப்பு. கைக்கு அகப்படுகிற மாதிரி.

கடையில் என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார் முதலாளி. ஸ்க்ரூ வேலையெல்லாம் இப்போது வேறொரு பெண் பார்க்கிறாள்.

சூப் குடிப்பதை விட்டுவிட்டேன். கெட்டியாக எதையாவது சாப்பிட்டுக்கொள்கிறேன். திட்டாதே.

சிட்டு


ஏப்ரல் 14

அன்புள்ள சிட்டு,

உன் அத்தானும் நானும் நலம். நலம் என்று நான் எழுதுவதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "மூணு நாளா தட்டுல பச்சையைத் தவிர வேற நிறமே இல்ல. நான் என்ன ஆடா, மாடா?" என்று நேற்று கேட்டார். மாடாக இருந்தால் இவ்வளவு பேச மாட்டீர்கள் என்றேன்.

நின்றுகொண்டே வேலை செய்தவளைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். இது எவ்வளவு நல்ல செய்தி! அதை ஏன் துக்கச் செய்தி மாதிரி ஒரு வரியில் எழுதுகிறாய்? ஆண்டவன் உனக்கு ஓய்வு கொடுத்திருக்கிறான். அந்த ஓய்வைச் செடிக்கும் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் பங்கிட்டுக் கொடு என்றுதான் சொல்கிறேன்.

சூப்பை ஏன் விட்டாய்? உப்புக் குறைவாக, காய் நன்றாக மசிய வைத்துக் குடித்தால் அதைவிட நல்லது உண்டா? கீரை கொத்தாக இருந்தால் ஒன்றுமே வளராது, பாதியைப் பிடுங்கிவிடு. பாசம் பார்த்தால் தோட்டம் போட முடியாது.

தையலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், கோபப்படாதே. கீரை முழுவதையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு இலை பெரிது, ஒரு இலை சின்னது, காம்பு எங்கேயோ போகிறது. நீ அவசரம் அவசரமாகத் தைக்கிறாய், சிட்டு. டிவி பார்த்துக்கொண்டே தைத்தாயோ என்னவோ. சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொறுமை கிடையாது. மனசு வைத்தால் கை தானாக நேராகப் போகும். நான் கீரையை ஒவ்வொரு இலையாகத் திரும்பத் தைத்து, பக்கத்தில் என் கத்தரிக்காயையும் முடித்துவிட்டேன். உன் பச்சை நூல் கொடிக்கு ஆகிவிட்டது. பீன்ஸ் இப்போது குச்சி உயரத்துக்கு வந்துவிட்டது.

பெரிய விதை கேட்டாய். அந்தப் பீன்ஸில் முற்றியதையே காயவைத்து அனுப்பியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் முளைக்கும்.

பாப்பாவுக்கு என் ஆசி. உன் கட்டம் நேராக வரட்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டே முடிக்கிறேன்.

அக்கா


ஜூன் 22

அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்ப்பாய். உனக்குக் கண்ணாடி போடாமல் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். கண்ணாடிக் கடைக்காரி இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதே, கடையை விட்டுவிட்டேன். நானாகத்தான் விட்டேன். முதலாளி நல்ல மனுஷன். போகும்போது ஒரு நல்ல ஃபிரேம் கொடுத்தார்.

பீன்ஸ் விதை எல்லாம் முளைத்துவிட்டது. நீ சொன்னது சரி, கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்வீட்டுக்காரர் ஜன்னல் வரைக்கும் போய்விட்டது. அவர் தினமும் இரண்டு காயைப் பறித்துக்கொண்டு, "உங்க கொடிதான் எங்க வீட்டுக்கு வந்துச்சு, நாங்க கூப்பிடல" என்கிறார்.

ஆறாவது கட்டத்தில் ஒரு பீன்ஸ் காய் தைத்திருக்கிறேன். ஒரே ஒரு காய்தான். இதற்கு ரொம்ப நாள் உட்கார்ந்தேன். காலையில் மட்டும்தான் உட்கார முடிந்தது. டிவி பார்க்கவில்லை. எனக்கே இந்தக் கட்டம் பிடித்திருக்கிறது, அக்கா. மற்றதை நீ பிரித்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நீ ஒரு நாளை மூன்றாகப் பிரிப்பதை நினைத்துக்கொண்டேன். என் நாளில் ஒரு பங்குதான் கையில் நிற்கிறது.

அத்தானுக்கு எப்போதாவது சிவப்பாக எதையாவது சமைத்துப் போடு.

சிட்டு


ஜூலை 10

அன்புள்ள சிட்டு,

நாங்கள் நலம். அத்தானுக்குப் பீட்ரூட் சமைத்துப் போட்டேன். "இது உன் தங்கச்சி சிபாரிசா? அவளை அடிக்கடி எழுதச் சொல்" என்றார்.

கடையை விட்டதைப் படித்ததும் முதலில் திக்கென்றது. அப்புறம் யோசித்தேன். பாப்பா சம்பாதிக்கிறாள், தலைக்குமேல் வீடு வரப்போகிறது. உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து நீ உழைத்தது போதும். இனிமேல் உனக்கு நேரமே நேரம். காலையில் மட்டும் என்ன, நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கலாம்.

பீன்ஸ் காய் வந்து சேர்ந்தது. பிடித்திருக்கிறது என்று நீ எழுதியதால் இரண்டு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். ஆனால் ஒரு பக்கம் என் கத்தரிக்காய், மறுபக்கம் இந்தக் காய். பார்க்கப் பார்க்கக் கண்ணை உறுத்தியது. காய் நடுவில் முறுக்கிக்கொண்டிருந்தது, தையல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது, ஓரத்தில் ஏதோ கறை வேறு. ரத்தம் மாதிரி இருந்தது, ஊசி குத்தியதோ? ஒரு மத்தியானத்தில் பிரித்துத் தைத்துவிட்டேன். உனக்கு நாள் கணக்கில் ஆன வேலை, எனக்குக் கைப்பழக்கம். கறை போகத் துவைத்து, இஸ்திரி போட்டேன். ஊசி போன துளைகூடத் தெரியாமல் புதுத்துணி மாதிரி ஆகிவிட்டது. உன் நூலை வழக்கம்போல் கொடிக்குக் கட்டிவிட்டேன்.

ஏழாவது கட்டத்தில் எலுமிச்சை. எட்டாவது உனக்கு. நடுக்கட்டத்தை இருவரும் சேர்ந்து யோசிக்கலாம்.

நல்லபடியாகச் சாப்பிடு. உனக்குக் கொஞ்சம் பொறுமையைக் கொடுக்கும்படி கடவுளை வேண்டுகிறேன்.

அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

நலம். இது பாப்பாவின் கம்ப்யூட்டரில் அடித்தது.

எட்டாவது கட்டம் தைக்கவில்லை. துணியை அப்படியே அனுப்புகிறேன். எனக்கு நேரமில்லை. மீதியை நீயே முடித்துவிடு. உன் கைதான் ஒரே மாதிரி வருகிறது. பாப்பாவுக்கு நேராக அனுப்பிவிட்டால் போதும்.

பீன்ஸ் இன்னும் காய்க்கிறது.

சிட்டு


அக்டோபர் 5

அன்புள்ள சிட்டு,

கடவுள் அருளால் இருக்கிறோம்.

உன் அச்சடித்த கடிதம் துணியோடு இல்லாமல் தனி உறையில் வந்தது, விலாசமும் அச்சில். மின்சார வாரியத்திலிருந்து வந்த நோட்டீஸோ என்று உன் அத்தான் பிரித்தே பார்க்காமல் அலமாரிமேல் வைத்துவிட்டார். அக்காவுக்கு நாலு வரி கையால் எழுதவும் நேரமில்லாமல் போய்விட்டதா? வேலையும் இல்லை என்கிறாய், நேரமும் இல்லை என்கிறாய். அப்படி என்னதான் செய்கிறாய் என்று நான் கேட்கக்கூடாதா?

இரண்டு மாதமாகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றேன். வந்தது வெறும் கட்டம். ஆரம்பத்தில் நீ வெறும் தொட்டி அனுப்பினாய், சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. ஒரு பழக்கத்தை எடுத்தால் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். அடுத்ததாகத் தோட்டத்தையும் விட்டுவிடுவாய், அப்புறம் பழையபடி டீயும் ரொட்டியும்தான்.

போகட்டும். எட்டாவதில் பாகற்காயும், நடுவில் ஒரு வீடும் தைத்து முடித்துவிட்டேன். ஒன்பது கட்டமும் ஒரே சீராக இருக்கிறது. பாப்பா பெயருக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. இது உனக்குத் தனிக் கடிதம்.

மனசில் ஏதாவது இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். பெரியப்பாவும் நீங்களும் நலமாக இருக்கிறீர்களா?

விரிப்பு வந்துவிட்டது. ரொம்ப அழகாக இருக்கிறது. என் அலுவலகத் தோழிகள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். நன்றி பெரியம்மா.

இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். உங்கள் அக்டோபர் கடிதத்தைப் படித்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அம்மாவுக்குப் போன வருஷக் கடைசியிலிருந்தே கை நடுங்குகிறது. முதலில் வலது கை, இப்போது இரண்டும். நரம்பு டாக்டர், இதை முழுசாகக் குணப்படுத்த முடியாது, மாத்திரையால் கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம் என்றார். கடையில் ஸ்க்ரூ விழுந்ததும், கல்லாவுக்கு மாற்றியதும், அப்புறம் கல்லாவில் சில்லறை எண்ண முடியாமல் வெளியே வந்ததும் அதனால்தான். சூப்பை விட்டது, வாய்க்குப் போவதற்குள் பாதி மேலே சிந்திவிடுகிறது என்பதால். யாராவது பார்த்தால் அம்மாவுக்குத் தாங்காது.

காலையில் மாத்திரை வேலை செய்யும்போது கொஞ்ச நேரம் கை அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில்தான் உங்கள் துணியை எடுப்பாள். பீன்ஸ் காயைத் தைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு காலைக்கு மூன்று தையல், நாலு தையல். விரலெல்லாம் குத்தல். நான் நூல் கோர்த்துக் கொடுப்பேன், துணி மாட்டிய தையல் வளையத்தைப் பிடித்துக்கொள்வேன். ஊசியைத் தொடவிட மாட்டாள். "அக்காவோட கட்டத்துக்குப் பக்கத்துல என் கை இருக்கணும்டீ, உன் கை இல்ல" என்பாள்.

"பெரியம்மாகிட்ட சொல்லிடலாமேம்மா" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "சொன்னா மறுநாளே பெட்டியோட வந்து நிப்பா. வந்து எனக்கு ஊட்டி விடுவா. அத்தான் முழங்காலைப் பிடிச்சிட்டு அங்க தனியா கிடப்பார். வேணாம். அவ திட்டறது நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகலைங்கற மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூலையில் துணி திரும்பி வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். விரித்துப் பார்த்தாள். திருப்பி, பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தடவினாள். "அக்கா வேலைன்னா சுத்தம்" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டாள். அதற்கப்புறம் ஊசியை எடுக்கவில்லை.

உங்கள்மேல் கோபத்தில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதினேன். ஒன்பது கட்டத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அம்மா தைத்ததில் எங்கேயாவது ஒரு ஓரம், ஒரு இலை பிரிக்காமல் இருக்கிறதா? இருந்தால் எது என்று எழுதுங்கள். மேஜையில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள்
பாப்பா


நவம்பர் 12

அன்புள்ள சிட்டு,

பாப்பாவைத் திட்டாதே. அவள் எழுதியது நல்லதற்குத்தான்.

அவள் கேட்ட கேள்விக்கு உனக்குத்தான் பதில் எழுத வேண்டும். இல்லை சிட்டு. ஒரு தையல்கூட மிச்சம் இல்லை. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் தைத்ததைப் பிரித்து உன் வழியிலேயே தைத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். உன் ஊசி போன துளை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். அதையும் துவைத்துத் தேய்த்து நானே மூடியிருக்கிறேன். அந்தக் காய் எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. தப்பு என்று மட்டும்தான் பார்த்தேன், எப்படி இருந்தது என்று பார்க்கவே இல்லை.

கடிதம் வந்த அன்று மாடிக்குப் போனேன். பீன்ஸ் கொடி காய்த்து ஓய்ந்து, காய்ந்து நிற்கிறது. கட்டியிருந்த நூல் மட்டும் இருந்தது. பழுப்பு நூல் மழையில் இற்றுப்போய்க் கையோடு வந்துவிட்டது. பச்சையில் கொஞ்சம் கிடைத்தது. வெயிலில் வெளுத்திருந்தாலும் உன் தையலின் வளைவு இன்னும் அதில் இருக்கிறது. சின்னச் சின்ன நெளிவு, ஒன்று போல ஒன்று இல்லாமல். அதை நீவி நேராக்கவில்லை. அப்படியே உறையில் வைத்திருக்கிறேன்.

மனசு வைத்தால் கை நேராகப் போகும் என்று எழுதினேன். பொறுமை இல்லாதவள் என்றேன். டிவி என்றேன். நீ அந்தக் கடிதத்தை எந்தக் கையில் பிடித்துப் படித்திருப்பாய் என்று நினைக்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜனவரியிலிருந்து தினமும் பிரார்த்தனையில் உன் பெயரைச் சொன்னேன். உன் தையலுக்காகக் கேட்டேனே தவிர, கைக்காக ஒரு நாளும் கேட்கவில்லை. கடவுள் நான் கேட்டதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்?

ஒரு நாளை மூன்றாகப் பிரி என்று உனக்குப் பாடம் எடுத்தேன். உன்னிடம் இருந்தது ஒரு பங்கு. அதை முழுசாக எனக்குக் கொடுத்திருக்கிறாய். நான் அதை ஒரு மத்தியானத்தில் பிரித்துவிட்டேன்.

நான் வருகிறேன். உன் அத்தான்தான் முதலில் சொன்னார். "எனக்குச் சமைக்கத் தெரியும், உன் பச்சையைச் சமைக்கத்தான் தெரியாது. நீ கிளம்பு" என்றார். ஒரு வெள்ளைத் துணி கொண்டு வருகிறேன். நூல் கோர்த்துத் தருகிறேன், நீ போடு. நான் திருப்பிப் பார்க்க மாட்டேன். நீ சரி என்றால் மட்டும் வருகிறேன்.

அக்கா


நவம்பர் 25

அக்கா,

பாப்பா அடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கோணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள்.

நூல் வந்தது. பாப்பா அதை என் கையில் வைத்தாள். நெளிவைப் பார்த்ததும் எந்த இலை என்றுகூடத் தெரிந்தது. அத்தனையையும் குப்பையில் போடாமல் கொடிக்காவது கட்டினாயே என்று சிரித்தேன். கொஞ்சம் அழுதேன், அதை மறைக்கவில்லை.

துணி கொண்டுவராதே. இப்போது காலையிலும் கை நிற்பதில்லை. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், பார்க்கலாம். அந்தப் பீன்ஸ் காய்தான் கடைசி என்று தைக்கும்போதே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, நீ கேட்கவில்லை. பாதி உன் பங்கு, பாதி என் பங்கு. கணக்கு சரியாக இருக்கிறதா டீச்சர்?

வா. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வா. கீரையை இந்தத் தடவையும் கொத்தாகத்தான் போட்டிருக்கிறேன். பிடுங்காதே.

ராத்திரிக்கு நீ சொன்ன சூப்பை வை. உன் எதிரில் உட்கார்ந்து குடிக்கிறேன். மேலெல்லாம் சிந்தும்.

துடைக்க வராதே.

சிட்டு